வீடு பூட்டியிருந்தது

போன மாதம் பதினோரு நாள் ஆறாவது மாடி ஆயா வீட்டில் இல்லை. விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பதினோரு நாளில் மூன்று பேர் தனித்தனியாக வந்து அவர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை கொடுக்கிற பெண், ரேஷன் அரிசியோடு வந்தவர், கைரேகை மிஷினோடு பென்ஷன் பணம் கொண்டுவருகிறவர். மூன்று பேரும் நோட்டிலோ போனிலோ ஒரே விஷயத்தைப் பதிந்துவிட்டுப் படியிறங்கினார்கள்: வீடு பூட்டியிருந்தது.

யாரும் பொய் எழுதவில்லை. வீடு பூட்டித்தான் இருந்தது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்துவிட்டார்கள். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் பண்ணுகிறது.

ஏனென்றால் அந்த வீட்டில் ஆயா மட்டும் இல்லை. முப்பத்தெட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறார். அறிவுசார் குறைபாடு உள்ளவர். பேசுவார், சிரிப்பார், நம் பெயரை ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார். ஆனால் அடுப்புப் பக்கம் ஆயா விடமாட்டார், தனியாக மாடி இறங்கவும் விடமாட்டார். ஆயாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய ராத்திரி அந்தப் பெண் எங்கே போவார் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. ரெண்டாவது மாடி அக்காவுக்குத்தான் தெரியும், ஏனென்றால் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதே அவர்தான்.

எங்கள் குடியிருப்பு எது என்று சொல்லப் போவதில்லை. தென்சென்னையில் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடு, ஆக பிளாக்குக்குத் தொண்ணூற்றாறு.

1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்த புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டித் தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். பட்டினப்பாக்கம் பக்கமோ வடசென்னையிலோ அந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். 2000-க்கு அப்புறம் ஊருக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வளர்ந்தது. 2021-இல் வாரியத்தின் பெயரும் மாறி, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் நல்ல பெயர்தான். எங்கள் ஆட்கள் இன்னும் ‘போர்டு வீடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆற்றங்கரையில் ஆயா வீட்டுக்கும் அவர் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆயா வீட்டு வேலைக்குப் போனால் மகளைத் தங்கச்சி பார்த்துக்கொள்வார். தங்கச்சிக்கு டயாலிசிஸ் நாள் என்றால் ஆயா சமைத்து வைப்பார். அங்கே சொர்க்கமாக இருந்தோம் என்று கதை விட மாட்டேன். 2015 டிசம்பரில் கழுத்தளவு தண்ணீரில் பாத்திரம் மிதந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் யாருக்கு முடியவில்லை, யார் வீட்டில் இன்னும் அடுப்பு எரியவில்லை என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இங்கே வந்ததும் குலுக்கல். ஆயா கைக்கு வந்த சீட்டில் ஆறாவது மாடி, தங்கச்சி கையில் நாலு பிளாக் தள்ளி. குலுக்கலில் ஊழல் இல்லை, சிபாரிசு இல்லை, சரி. ஆனால் இருபது வருஷமாகச் சம்பளமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு பராமரிப்பு ஏற்பாட்டை அந்தச் சீட்டு ஒரே காலையில் கலைத்துப் போட்டது. அதைக் கலைக்கிறோம் என்று கலைத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லையே.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் அது அநியாயம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. (இதில் எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு பல வருஷமாக 200 ரூபாய். இருநூறு ரூபாய்க்கு இப்போது என்ன வரும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.) கடும் ஊனமுற்றவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குமான பராமரிப்புத் தொகையும் 1,500-லிருந்து 2,000 ஆனது. 2021 ஆகஸ்ட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், தேவைப்பட்டால் இயன்முறை மருத்துவரும் தீராத நோயில் கிடப்பவர்களைப் பார்க்கிற நோய் ஆதரவுச் செவிலியரும் வருவார்கள். 2025 ஆகஸ்ட்டில் ‘தாயுமானவர்’ திட்டம் வந்தது. வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் வாசலுக்கே வரும். திட்டங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆறு மாடி இறங்கி ரேஷன் கடை வரிசையில் நின்ற கிழவிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் பாருங்கள். முதியோர் தொகை வருவாய்த் துறை. மகளின் தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாத்திரை மக்கள் நல்வாழ்வுத் துறை. அரிசி கூட்டுறவுத் துறை. வீடு வாரியம். ஒரே சமையலறை, ஒரே பாய், அம்மாவும் மகளும். கோப்புகள் மட்டும் ஐந்து. ஒரு பட்டியலில் ஆயா முதியவர். இன்னொன்றில் நீரிழிவு நோயாளி. மற்றொன்றில் குடும்ப அட்டைதாரர். இந்த அம்மா விழுந்தால் அந்த மகள் பட்டினி என்கிற விஷயம் மட்டும் ஐந்தில் ஒன்றிலும் கிடையாது.

ஒருங்கிணைப்பு, ஒருங்கிணைப்பு என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் இரண்டு ஒருங்கிணைப்புக் கூட்டங்களுக்கு நானே போயிருக்கிறேன். மிக்சர் நன்றாக இருந்தது.

உண்மையான ஒருங்கிணைப்பு எங்கள் பிளாக்கில் ஒரு கோடு போடாத நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. ரெண்டாவது மாடி அக்கா இட்லி மாவு விற்கிறவர். அவருடைய நோட்டுதான் அது. அதில் இருபத்து மூன்று பெயர்கள். நோயின் பெயர் எதுவும் அதில் கிடையாது. ஒருமுறை கேட்டேன். “நோய் எனக்கெதுக்குத் தம்பி? யாரைக் கூப்பிடணும்னு தெரிஞ்சாப் போதும்” என்றார். அதனால் அதில் இருப்பதெல்லாம் இந்த மாதிரி: ‘5-வது மாடி தாத்தா. பொண்ணு நம்பர். எடுக்கலைன்னா மருமகன். சாவி எதிர்வீடு. ஃபைல் டிவி மேல, மஞ்சப்பை.’

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரங்களுக்கு மேல் கதவுத் தட்டில் நாலு இன்சுலின் குப்பிகள். ஃபிரிட்ஜ் இல்லாத நாலு வீட்டுக்காரர்களுடையது. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் மாடி எண். கரண்ட் போனால் அக்காவுக்கு மாவு புளிக்குமே என்கிற கவலை ரெண்டாவது கவலைதான்.

ஆயா திரும்பி வந்த நாளைச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஆறு வாரம் இடது காலை ஊன்றக் கூடாது’ என்று எழுதியிருந்தது. எழுதிய டாக்டருக்கு அது ஆறாவது மாடி என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. (லிஃப்டைப் பற்றித் தனிப் பதிவு போட்டிருக்கிறேன், இப்போது வேண்டாம்.) படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி போடுகிற அண்ணன் ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் சேர் வைத்திருக்கிறார். கைப்பிடி ரெண்டிலும் பழைய சேலை சுற்றியிருக்கும். அதுதான் எங்கள் பிளாக்கின் ஸ்ட்ரெச்சர். நாலு பையன்கள் தூக்கினார்கள். மூன்றாவது மாடியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். அந்த இடைவெளியில் ஆயா, “தம்பிங்களா, நான் இனிமே கீழ இறங்கமாட்டேன்டா” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஆட்டோவுக்கு முன்னால் நாலு பையன்கள் வேண்டும், அதுவும் வேலைநாளில். உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ என்கிற திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாச் சேவையும் ஒரே இடத்தில் கிடைக்க ‘விழுதுகள்’ மையங்கள் திறக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த ஒரே இடத்துக்குப் போவதற்கு முன்னால் தரைத்தளம் என்று ஒரு இடம் இருக்கிறதே.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் அவர்களுக்கு என்கிறது. ஒதுக்கீடு என்பது சாவி வாங்கும் நாளோடு முடிந்துபோகிறது. சாவி வாங்கிய பிறகு கால் போனவர்களுக்கு? எங்கள் பிளாக்கில் நடக்க முடியாதவர்களில் பாதிப் பேர் இங்கே வரும்போது நடந்து வந்தவர்கள். மேலே இருக்கிறவர் விழுந்துவிட்டால் கீழே காலியாகிற வீட்டை முதலில் அவருக்குக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிற ஒரு எளிய வழி வேண்டும். புது வீடு கட்டச் சொல்லவில்லை, சாவியை மாற்றிக் கொடுங்கள் என்கிறோம்.

“பிள்ளைகள் எங்கே போனார்கள்?” என்று கீழே கமெண்டில் யாராவது கேட்பீர்கள். தெரியும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகள் மேல் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க 2007-லிருந்து சட்டம் இருக்கிறது. எங்கள் பிளாக்கின் பிள்ளைகள் ஓடிப்போகவில்லை. காலை ஐந்து மணி பஸ்ஸில் இருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேட்டரிங். சிலர் அந்த வேலையிலேயே அண்ணாநகரில் யாரோ ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறார்கள். இங்கே அவர்கள் அப்பாவைக் குளிப்பாட்டியது எதிர்வீட்டுக்காரர்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிளாக்குக்கு ஒரு ஆள். அந்த நோட்டை வைத்திருக்கிற ஆளுக்கு மாதம் ஒரு ஊக்கத்தொகை, ஒரு போன், ஒரு அடையாள அட்டை. கதவு பூட்டியிருந்தால் எந்தத் துறை ஆளாக இருந்தாலும் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதுவதற்கு முன்னால் அந்த நம்பருக்கு ஒரு போன் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் எழுதும்போதும் அப்படியே. புதுத் திட்டமே வேண்டாம், பெயரும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் வலி நிவாரணத்துக்கு ஒரு சிறிய கிளினிக் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்துப் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்பின் செலவில் செவிலியர் வீடு தேடிப் போகிறார்.

பயமும் இருக்கிறது எனக்கு, மறைக்கவில்லை. பதவி என்று ஒன்று வந்தால் அதற்குக் கட்சிக் கொடியும் வரும். மாவு விற்கிற அக்காவுக்குப் பதில் யாரோ ஒருவரின் மைத்துனி வந்து உட்காருவார். நோட்டு கம்ப்யூட்டருக்குப் போகும், மஞ்சப்பைக்குக் கட்டம் இருக்காது, நோய்க்குப் பத்துக் கட்டம் இருக்கும். அந்த பிளாக்கிலேயே வசிக்கிற, அங்கிருப்பவர்கள் கைகாட்டுகிற ஆளாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வது அதனால்தான். கூட்டத்தில் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார்கள்.

அக்கா போன வாரம் மகள் பிரசவத்துக்கு வேலூர் போய்விட்டார். வர ரெண்டு மாசம் ஆகும். நோட்டும் நாலு குப்பியும் இப்போது என் வீட்டில். நேற்று ராத்திரி பத்தரைக்கு நாலாவது மாடி தாத்தா வந்து கதவைத் தட்டினார். காது கேட்காத என் மாமியார் மட்டும்தான் வீட்டில். நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். “வீடு பூட்டியிருக்குன்னு நெனச்சேன்பா” என்றார். காலையில் ஒரு சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிட்டேன்.