புல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், பாதையை நடந்து பாருங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போட்டு முடித்து, மூடி, விதை தூவிய இடங்களைச் சோதிக்கப் போகிறவர்கள் நேராக ரிக் என்ற துளையிடும் இயந்திரம் நின்ற தளத்துக்குப் போய்விடுகிறார்கள். சுற்றி வந்து, பச்சை தெரிந்தால் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இது தலைகீழான வேலை என்பது என் உறுதியான கருத்து. தளம் ஒரு சின்னத் துண்டு நிலம். அதற்குப் போன பாதையோ மலைச்சரிவை நீளத்துக்கும் அறுத்துக்கொண்டு போவது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுக்க அதில்தான் விழும். சோதனை நேரத்தில் முக்கால் பங்கைப் பாதைக்குக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோவில் சாமர்செட் ஊருக்கு அருகிலுள்ள வெஸ்ட் எல்க் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிலத்தடிச் சுரங்கம், மீத்தேன் அதிகம். அந்த வாயுவை வெளியேற்ற மேலே தேசியக் காட்டுக்குள் கிணறுகள் துளைக்கிறார்கள். கிணறு போகிற இடத்துக்கெல்லாம் தளமும் பாதையும் கூடவே போகின்றன. 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் விதிகளின்படி, இயங்கும் சுரங்கத்துக்குச் சராசரியாக மாதம் ஒரு பகுதிச் சோதனை, காலாண்டுக்கு ஒரு முழுச் சோதனை. ஆகவே ஆள் போவதில் குறையில்லை. போனவர் எதைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி.

மூடியதாகக் கணக்கில் காட்டிய பாதையில் வண்டி சுலபமாக ஏறுகிறதென்றால், அதுவே முதல் குறை. கீழேயே இறங்கி நடங்கள். கையில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, டேப், சரிவுமானி போதும். முதலில் குறுக்கு வரப்புகள், அதாவது பாதையில் ஓடும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மண்மேடுகள். 5 சதவீதச் சரிவில் சுமார் 40 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 25 மீட்டருக்கு ஒன்று, 20 சதவீதத்தில் 14 மீட்டருக்கு ஒன்று என்பது நடைமுறைக் கணக்கு. வரப்பு பாதைக்கு நேர்குறுக்காக இல்லாமல் 30 பாகை அளவு சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாமல் தேங்கி, வண்டலைப் படிய விட்டுவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். வரப்பின் மேல் குனிந்து சருகு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் போன வழியைச் சருகு பொய்யில்லாமல் காட்டும். ஓக் இலையும் மாட்டுச் சாணத் துணுக்கும் தண்ணீர் வெளியேறும் வாய்ப்பக்கமாகச் சேர்ந்திருந்தால் வரப்பு வேலை செய்கிறது. வரப்பின் முதுகிலேயே கோடாகப் படிந்திருந்தால் வாய் வண்டலால் அடைபட்டுவிட்டது, தண்ணீர் மேலேறித் தாண்டியிருக்கிறது. அடுத்த பனி உருகலில் அந்த வரப்பு உடையும். ஒன்று உடைந்தால் அதன் தண்ணீரும் சேர்ந்து கீழுள்ளதை உடைக்கும். அடியில் முழங்கால் ஆழ வாய்க்கால் கண்டால் மேலேறிப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் நாலைந்து வரப்புக்கு மேலே இருக்கும். வாய் திறந்திருந்தாலும் அது எங்கே கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தளர்ந்த நிரப்பு மண்ணின் மேல் கொட்டினால், பாதையைக் காப்பாற்றிச் சரிவைக் கெடுத்த கதைதான்.

வரப்புகளுக்கு இடையில் கம்பியைக் குத்துங்கள். ஒரு சாண் கூட இறங்காமல் நின்றால் வண்டி ஓடி இறுகிய பாதையைக் கீறித் தளர்த்தவில்லை, மேலே மண்ணைத் தூவி விதைத்திருக்கிறார்கள். டோசரின் கொழுமுனை 45 முதல் 60 செ.மீ. ஆழம் போயிருக்க வேண்டும், அதுவும் மண் உலர்ந்திருக்கும்போது. ஈரத்தில் கீறினால் களிமண் உடையாது, அறுபட்ட பாளமாகவே கிடக்கும். பாதைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகப் புதைத்த கல்வெர்ட் குழாயை எடுத்த இடத்தில் ஓடையின் கரை மேலும் கீழும் உள்ள இயற்கைக் கரையோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

தளத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. துளை, துளையிடும்போது வந்த சேற்றைத் தேக்கிய சேற்றுக்குழி, விளிம்பு. துளையின் மேல் வட்டமான விரிசலோ தட்டுப்போன்ற பள்ளமோ இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். அடியிலிருந்து குழாய் வழியாக சிமென்ட் ஏற்றாமல், மேலிருந்தே பென்டோனைட் என்ற, நனைந்தால் உப்பும் களிமண் துண்டுகளைக் கொட்டினால் அவை பாதியில் சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும், கீழே காலி. சேற்றுக்குழி உலருமுன் மூடப்பட்டிருந்தால் இரண்டொரு வருடத்தில் அமுங்கும். அந்த இடத்தில் வெளிறிய, வெடித்த களிமண் தெரியும், எதுவும் முளைக்காது. பள்ளப்பக்க விளிம்பில் பிறை வடிவ விரிசல் கண்டால் அளந்து எழுதுங்கள். நிரப்பு மண்ணுக்குள் மரத்துண்டையோ பனியையோ புதைத்தால் இப்படி ஆகும். கீழே நிலக்கரி வெட்டியதால் நிலமே அமிழ்ந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. விரிசல் தளத்தைத் தாண்டி, தொடாத காட்டு நிலத்திலும் நீள்கிறதா என்று நடந்து பார்த்தால் பிரித்தறியலாம்.

பச்சையைப் பற்றி ஒன்று. சீட்கிராஸ் என்ற களைப்புல் இலையுதிர் காலத்தில் முளைத்து, வசந்தத்தில் மற்றவற்றை முந்திக்கொண்டு பசுமையாக நிற்கும். கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து செம்பழுப்பாகிவிடும். அதன் வேர் ஆழமில்லை. சரிவைப் பிடித்து நிறுத்துவது வெஸ்டர்ன் வீட்கிராஸ் போன்ற பல்லாண்டுப் புற்கள். எனவே மே மாதத்துப் பச்சையை மட்டும் வைத்து எழுதிய அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், நிலத்தைச் சீராக்குவதற்கு உத்தரவாதமாக நிறுவனம் கட்டும் பிணைத்தொகை. மண் நிரப்பி, சமன்செய்து, வடிகாலை ஒழுங்குபடுத்தியதும் 60 சதவீதம் வரை திரும்பக் கொடுக்கலாம். மீதியை முழுதாக விடுவிக்க, ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேலிருந்தால் 5 ஆண்டு, அதற்கு உட்பட்டால் 10 ஆண்டு பொறுப்புக்காலம் கழிய வேண்டும். தாவர மூட்டம் நிர்ணயித்த அளவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். இடையில் கூடுதலாக விதைத்தால் பொறுப்புக்காலம் முதலிலிருந்து தொடங்கும். எட்டாவது வருடத்தில் கண்டுபிடித்த குறையை விட முதல் வருடத்தில் கண்டுபிடித்த குறை நிறுவனத்துக்கும் மலிவு. சோதிப்பவர் கண்டிப்பாக இருக்கிறார் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அறிக்கையில் "நிலை திருப்தி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். "மேலிருந்து 6ஆவது வரப்பு, வாய் அடைப்பு, கீழே 12 மீட்டர் நீளம், 20 செ.மீ. ஆழம் அரிப்பு" என்று எழுதுங்கள். கம்பியை அரிப்பில் நட்டு, இடக்குறிப்போடு படம் எடுங்கள். பனி உருகி நடக்க முடிகிற முதல் வாரத்தில் ஒருமுறை, செப்டம்பரில் களைப்புல் காய்ந்த பின் அதே இடத்தில் அதே கம்பியோடு இன்னொருமுறை.