முதல் கவளத்தோடு மாத்திரை

கணையப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் விப்பிள் அறுவைச் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த அறுவையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை என எதையெல்லாம் எடுக்கிறார்கள் என்று கட்டுரை தெளிவாகவே சொல்கிறது. வீடு திரும்பிய பிறகு என்ன என்பதற்கு இரண்டே வரிதானா?

இதே அறுவை செய்துகொண்ட என் அப்பாவுக்குக் காயம் ஆறியது, உடம்பு தேறவில்லை. மலம் வெளுத்து, எண்ணெய்ப் படலத்தோடு மிதந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. கொழுப்பு செரிக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். கணையம் சுரக்கும் செரிமான நொதிக்கு ஈடாகத் தரும் நொதி மாத்திரைக்கு மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தார்கள். அதை முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று உணவியல் நிபுணர் ஒருவர் சொன்ன பிறகுதான் எடை ஏறத் தொடங்கியது. வடை, பால் போன்ற இடைத்தீனிக்கும் மாத்திரை உண்டு. வெறும் கடுங்காப்பிக்கு வேண்டாம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதைவிட, ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே ஒத்துக்கொள்ளும்.

மூச்சுப் பயிற்சிக்காக அறுவைக்கு முன்பே தரும் மூன்று பந்துக் கருவியைப் பலரும் பலூன்போல ஊதுகிறார்கள். மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்தை உயர்த்த வேண்டும்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இந்த அறுவைக்குப் பின் அது வரலாம். அடுத்த கட்டுரையில் அதை விரிவாக எழுதுங்கள்.