மாற்று குவாட்டர்பேக்கின் அருமை
அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக ஓர் இளம் வீரரை நம்பிக் களமிறக்கிய பிறகு மாற்று வீரர்களுக்குச் செலவிடுவது வீண் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, சான் பிரான்சிஸ்கோ அணியின் 2022 பருவத்தைப் பார்த்த எவராலும் ஏற்க இயலாது. பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கிய ட்ரே லான்ஸ் இரண்டாவது வாரத்திலேயே கணுக்கால் முறிந்து வெளியேற, சம்பளத்தைக் குறைத்துத் தக்கவைத்திருந்த ஜிம்மி கரோப்போலோதான் அணியைத் தாங்கினார். டிசம்பரில் அவர் பாதமும் முறிந்தபோது, அணிகள் புதிய வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில் கடைசியாக, 262ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி அணியை லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதி ஆட்டம் வரை கொண்டு சென்றார். அங்கே பர்டியின் முழங்கை காயப்பட்டு, அவருக்குப் பதில் வந்த ஜாஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு வெளியேறியதால், பந்தைத் தொலைவுக்கு வீச முடியாத கையோடு பர்டியே மீண்டும் வந்து நின்றது பார்க்கவே வேதனையாக இருந்தது. எதிரணியான ஃபிலடெல்ஃபியா 31-7 என வென்றது. மூன்றாவது குவாட்டர்பேக்கை அவசரத்துக்கெனக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் விதியை லீக் நிர்வாகமே 2023இல் கொண்டுவந்ததைக் கட்டுரையாளர் கருத்தில் கொள்ளவில்லை.