காவேரிப்பட்டணம் வேறு, பூம்புகார் வேறு

சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம்தான் நம் கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அந்தத் துறைமுகம் மயிலாடுதுறை மாவட்டத்துப் பூம்புகார், காவிரி கடலில் கலக்கும் இடம். நம்ம ஊரை ஒட்டி ஓடுவது காவிரியே இல்லை, தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணையை (கே.ஆர்.பி. அணை) தாண்டி இங்கே வருகிறது.

பெயரால் வந்த குழப்பம், சரி. ஆனால் இந்த ஊருக்கென்று சொந்த வரலாறு இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். 1767-இல் முதல் மைசூர்ப் போரின்போது இங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஐதர் அலி முற்றுகையிட்டு மீட்டார்.

அப்புறம், வருகிறவர்கள் நிப்பட்டு (தட்டை) வாங்காமல் போகாதீர்கள். கடிக்கும்போது வேர்க்கடலை நறுக்கென்று பல்லில் படும், மிளகாய்க் காரம் விரலிலேயே ஒட்டியிருக்கும்.