ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்து

லினக்ஸ் இயங்குதளத்துக்கு வந்தால் கணினி நம் இஷ்டப்படி இருக்கும் என்பார்கள். உண்மைதான், அடுத்த அப்டேட் வரும்வரை.

லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் விண்டோக்களையும் கவனித்துக்கொள்ளும் க்னோம் டெஸ்க்டாப்பைத்தான் சொல்கிறேன். 2011இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது விண்டோவை மினிமைஸ் செய்யும் பொத்தானையே தூக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் ட்வீக்ஸ் என்று தனியாக ஒரு செயலியை நிறுவி, அதற்குள் தேடிப்பிடித்து வரவழைக்க வேண்டும். ஒரு சின்னக் கோட்டுக்கு இவ்வளவு பாடு! ஐகான் வரிசை எப்போதும் திரையில் தெரிய வேண்டுமா? அதற்கு டேஷ் டு டாக் என்று ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது க்னோமோடு ஒட்டவைக்கும் குட்டி நிரல்.

சரி, எல்லாம் போட்டு அழகு பார்த்தாயிற்று. ஆறு மாதத்தில் புதிய பதிப்பு வந்து நிற்கும். ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனுக்குள்ளும் மெட்டாடேட்டா என்று ஒரு குட்டிக் கோப்பு. எந்தெந்தப் பதிப்புக்கு ஆகும் என்று அதில் எழுதியிருக்கும். புது எண் அங்கே இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். சில சமயம் அந்த எண்ணை நாமே சேர்த்துவிட்டால் எழுந்துகொள்ளும். 2023இல் வந்த 45ஆம் பதிப்பில் அந்தக் குறுக்குவழியும் பலிக்கவில்லை. மாட்யூல்களை, அதாவது நிரலின் துண்டுகளை, உள்ளே இம்போர்ட் செய்யும் முறையையே மாற்றிவிட்டதால், பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதுகிறவர்களோ பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். அவர்களைத் திட்டவும் மனம் வராது.

"பேசாமல் கேடிஈ பிளாஸ்மாவுக்கு மாறிவிடு" என்பார்கள் நண்பர்கள். அதுவும் க்னோம் மாதிரி இன்னொரு டெஸ்க்டாப். அங்கே செட்டிங்ஸைத் திறந்தால் கல்யாணப் பந்தி மாதிரி எல்லாமே இருக்கிறது. எதை எங்கே மாற்றினோம் என்பதுதான் அப்புறம் நினைவிருக்காது.