ஓடுபவரும் ஓட்டுபவரும்

(ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால். சாந்தோம் தேவாலய வாசல். ஒருவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்கிறார். அவர் ஷூவின் விலைக்கு நல்ல சைக்கிளே வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆட்டோ ஒன்று கூப்பிடாமலே வந்து நிற்கிறது.)

ஓட்டுபவர்: உழைப்பாளர் சிலைதானே சார்? ஏறுங்க.

ஓடுபவர்: எப்படி அண்ணே தெரியும்?

ஓட்டுபவர்: அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறவர்களில் முதல் வாரத்து ஆட்கள் இங்கேதான் நிற்பார்கள். கலங்கரை விளக்கம் வரை வீறாப்பு தாங்கும். அப்புறம் கட்டடம் வந்து கடலை மறைக்கும். காற்று நிற்கும், ஆளும் நிற்பார். நல்ல ஸ்டாண்டு சார் இது.

ஓடுபவர்: பட்டினப்பாக்கம் வரை போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர் என்றார்கள். போவதைப் பற்றித்தான் யோசித்தேன். திரும்பி வரணுமே, அது தோன்றவில்லை.

ஓட்டுபவர்: ரிட்டர்ன் காலியாக வரணும் என்று நாங்கள் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவீர்கள்.

ஓடுபவர்: வேறு பாதையே கிடையாதா அண்ணே?

ஓட்டுபவர்: சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது. ஏரியைச் சுற்றி ஓடுகிறவர் எங்கே களைத்தாலும் நடந்தே தன் வண்டிக்குப் போய்விடுவார். எனக்கு ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்லை. அங்கே போகாதீங்க. (முகத்தைத் துடைக்கத் துணி நீட்டுகிறார்.) இப்படி நனைந்திருக்கிறீர்களே, கடலில் இறங்கினீர்களா?

ஓடுபவர்: புழுக்கம் அண்ணே. காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. வெயிலும் சேர்ந்தால் தாங்காது என்றுதான் குழுவில் ஐந்து மணிக்கே வரச் சொன்னார்கள்.

ஓட்டுபவர்: குழுவா? கூட யாரையும் காணோமே?

ஓடுபவர்: முப்பது பேர். எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம், முடியாவிட்டால் குறைத்துக்கொள்ளணும் என்பது அவர்கள் சட்டம்.

ஓட்டுபவர்: நல்ல சட்டம்தானே?

ஓடுபவர்: அவர்கள் பேசினார்கள். எனக்கு இருந்த மூச்சு ஓடவே போதவில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டினேன். விவேகானந்தர் இல்லம் தாண்டுவதற்குள் ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டருக்கு என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். காந்தி சிலை வருவதற்குள் இன்றைக்கு எல்லாருக்கும் டிபன் என் செலவு.

ஓட்டுபவர்: முப்பது பேருக்குமா!

ஓடுபவர்: பொங்கலோடு நிறுத்தினால் பிழைப்பேன். நெய் ரோஸ்ட் பக்கம் போனால் இந்த வாட்சை விற்கணும். போட்டிக்கு என்னை 2:45 பஸ்ஸில் வேறு போட்டிருக்கிறார்கள்.

ஓட்டுபவர்: பஸ் உண்டா? அப்போ எதுக்கு சார் ஓடணும்?

ஓடுபவர்: அந்த பஸ் இல்லை. ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடுவார். 2 மணி 45 நிமிடத்தில் முடிப்பார். நாங்கள் அவர் பின்னாலேயே ஓடணும். அதுக்குப் பெயர் பஸ்.

ஓட்டுபவர்: பஸ் பின்னால் ஓடுவதை நம்ம ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டது என்பார்கள் சார்.

(வாட்ச் 'பீப்' என்கிறது.)

ஓடுபவர்: அய்யோ, இதை நிறுத்தவே இல்லை! கடைசி கிலோமீட்டர் 2 நிமிடம் 50 நொடி என்று காட்டுகிறது.

ஓட்டுபவர்: மீட்டருக்குச் சூடு வைத்துவிட்டீர்களா?

ஓடுபவர்: ஆட்டோவில் வந்ததையும் ஓட்டத்தில் சேர்த்துவிட்டது! இது கிப்சோகே வேகம் அண்ணே. கென்யாக்காரர். 2019-இல் வியன்னாவில் 42 கிலோமீட்டரை 2 மணிக்குள் ஓடினாரே! மணிக்கு 21 கிலோமீட்டர்.

ஓட்டுபவர்: உங்களைக் குலுக்கக் கூடாது என்று நான் உருட்டிக்கொண்டு வருகிறேன். ஆனாலும் பெரிய ஆள்தான். சாயங்காலம் ராயப்பேட்டையில் இந்த வேகம் கிடைத்தால் நானே தேங்காய் உடைப்பேன்.

ஓடுபவர்: அவசரத்தில் ஏதோ பொத்தானை அழுத்திவிட்டேன். குழுவுக்கே போய்விட்டது! (போனைப் பார்க்கிறார்.) இருபத்தேழு பேர் கை தட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸையே என்னை ஓட்டச் சொல்கிறார்கள்.

ஓட்டுபவர்: லைசென்ஸ் எடுத்துவிடுங்க. ஆமாம், கடைசி ஆளுக்குத் துணையாக யாரையும் விடமாட்டார்களா?

ஓடுபவர்: ஸ்வீப்பர் என்று ஒருவர் உண்டு. யாரையும் விட்டுவிடாமல் எல்லாருக்கும் பின்னால் வரணும். காந்தி சிலை வரை என் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

ஓட்டுபவர்: இதே பச்சை டீ-ஷர்ட்டா?

ஓடுபவர்: ஆமாம்.

ஓட்டுபவர்: அதோ, சிலைக்கு எதிரே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கையைக் காட்டுகிறார். ஏற்றிக்கொள்ளவா?

ஓடுபவர்: மூச்சு வாங்குகிறாரா பாருங்க.

ஓட்டுபவர்: நல்லாவே வாங்குகிறார். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

ஓடுபவர்: சீக்கிரம் பக்கத்தில் விடுங்க அண்ணே. பேச்சு வருவதற்குள் டிபன் செலவைக் கேட்டுவிடுகிறேன்.