கட்டிங் வேலை செய்கிறவரிடம் யாராவது கேட்டார்களா?

தொழிற்சாலையில் செலவையும் நேரத்தையும் குறைப்பது பற்றி வருஷம் தவறாமல் ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எம்.பி.ஏ., இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் ப்ராஜெக்ட்டுகளில் இது நிரந்தரத் தலைப்பு. இந்தப் பக்கம் வரும் ஒவ்வொரு மாணவரும் முதலில் படிக்க வேண்டியது, பாகிஸ்தானின் சியால்கோட்டில் நடந்த ஆய்வு என்பேன்.

உலகம் முழுக்கக் கால்பந்து தைத்து அனுப்பும் ஊர் அது. வழக்கமான பந்துக்கு 20 அறுகோணம், 12 ஐங்கோணம். துணி ஒட்டிய ரெக்ஸின் (செயற்கைத் தோல்) ஷீட்டின் மேல் இரும்பு டையை (வெட்டும் அச்சை) வைத்து, பிரஸ்ஸில் அடித்து வெட்டுவார்கள். அறுகோணம் இடைவெளி இல்லாமல் பொருந்திவிடும். ஐங்கோணம் பொருந்தாது, நடுவில் துண்டு துண்டாக வீணாகும். டேவிட் அட்கின், எரிக் வெர்ஹூகன், அமித் கண்டேல்வால், லாகூரின் ஆஸம் சௌத்ரி, ஷமைலா சௌத்ரி ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் சேர்ந்து, நான்கு ஐங்கோணங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கிய புது டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய டையில் ஷீட்டுக்குச் சுமார் 250 துண்டு என்றால் இதில் 272 வரை எடுக்கலாம். 2012-ல் 35 கம்பெனிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

15 மாதம் கழித்துப் பார்த்தால், கொடுத்ததில் பெரும்பாலானவை சும்மா கிடந்தன.

காரணம் கூலிக் கணக்கு. கட்டிங் வேலை செய்கிறவருக்கு அங்கே பெரும்பாலும் பீஸ் ரேட், அதாவது துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. புது டை பழகும்வரை கை வேகம் குறையும், அன்றைய கூலி அடிபடும். மிச்சமாகும் ரெக்ஸின் முதலாளிக்கு. அப்புறம் கட்டிங் ஆள் ஏன் பழகுவார்? “இது சரிப்படாது” என்று முதலாளியிடம் சொன்னார், முதலாளியும் நம்பினார். ஆரம்பத்திலேயே இந்த டையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட கம்பெனி ஒன்று, தன் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துவந்த கம்பெனி!

ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. சில கம்பெனிகளில் கட்டிங் ஆள் ஒருவர், பிரிண்டிங் ஆள் ஒருவர் என்று எடுத்து, புது டையில் வேலை செய்து முதலாளிக்குக் காட்டினால் சுமார் ஒரு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். டையைப் பயன்படுத்தும் கம்பெனிகள் கூடின. மிச்சமாகும் சரக்கோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் ஒன்றுமே இல்லை. 2017-ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் இந்த ஆய்வு வெளிவந்தது.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற யாரைக் கேட்டாலும் இதை அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். வேலை நேரத்தைக் கணக்கெடுக்க ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றாலே டெய்லரின் கை மெதுவாகிவிடும். இன்றைக்கு வேகமாகத் தைத்துக் காட்டினால் நாளைக்கு ரேட்டைக் குறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், முன்பு பார்த்திருக்கிறார். அதைப் போய் ‘தொழிலாளர் ஒத்துழைப்பின்மை’ என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனுஷன் கணக்குப் போடுகிறார். நம் ஆய்வுகள் போடாமல் விட்ட கணக்கு அது.

வேலையை ஆட்களுக்குச் சமமாகப் பிரிக்கும் லைன் பேலன்சிங், கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தும் கைசன், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் எல்லாம் வேண்டும். மிச்சமான துணியையும் நிமிஷத்தையும் தசமப் புள்ளி வரை எழுதுகிறோம், சரி. அந்த லைனில் இருந்தவர் சனிக்கிழமை வாங்கிய சம்பளம் ஏறியதா இறங்கியதா என்று ஏன் ஒரு அட்டவணை இல்லை?

வழிகாட்டியாக இருக்கும் பேராசிரியர்களே, உங்கள் மாணவர்களை இதை எழுதச் சொல்லுங்கள்: புது முறை கைக்கு வரும்வரை பழைய சராசரிக் கூலி கிடைக்கும் என்று யார் உறுதி கொடுத்தது, அதற்கு எவ்வளவு செலவானது. அந்தக் கணக்கு இல்லாத ப்ராஜெக்ட்டை வைவா வாய்மொழித் தேர்விலேயே திருப்பி அனுப்புங்கள்.